மாவுக்கட்டு அக்காவின் வலது கை

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் மாவுக்கட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு டாக்டருக்கு அவளைவிடப் பத்து வயது கூட, அவருக்கும் அவள் அக்காதான். பதினெட்டு வருஷமாகக் கோடி அறையில் நின்று, உடைந்த கை, கால் என்று வந்தவர்களுக்கெல்லாம் கட்டுப் போட்டவள். மாவுத்துணிச் சுருளைத் தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும்வரை பொறுத்து, லேசாகப் பிழிந்து சுற்றத் தொடங்கினால் பார்க்கிறவர்கள் வலியை மறந்து வேடிக்கை பார்ப்பார்கள். அவ்வளவு கைவந்த வேலை. அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

அடுத்த அறை உடற்பயிற்சி அறை. அங்கிருந்த மேடத்துக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் மடக்கு நீட்டு. இவருக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம்.

“நீங்க ஆறு வாரம் கட்டிப்போட்டு மரக்கட்டையா அனுப்பிடுறீங்க. நான்ல மல்லுக்கட்ட வேண்டியிருக்கு” என்பார் மேடம்.

“கட்டாம விட்டா எலும்பு கோணலா ஒட்டும். அதையும் மடக்கி நீட்டியே நேராக்கிடுவீங்களா?” என்பாள் அக்கா.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இருவரைத் தவிர.

ஒரு திங்கட்கிழமை காலையில், மேல்தட்டில் இருந்த பஞ்சுச் சுருளை எடுக்க முக்காலியில் ஏறியவள் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் கீறல் தெரிந்தது. விலகவில்லை, அந்த மட்டில் தப்பித்தாள். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். மதியம் வருகிற இன்னொரு கட்டுக்காரருக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். “அவர் போட்டதை நான் எத்தனை தடவை பிரிச்சுப் போட்டிருக்கேன் தெரியுமா?” என்று சொல்லிவிட்டு, ஆயாவைக் கையைப் பிடிக்கச் சொல்லி, இடது கையாலேயே தனக்குத்தானே கட்டுப் போட்டுக்கொண்டாள்.

கட்டு உள்ளங்கையின் மேல்ரேகைக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். தாண்டினால் விரல்கள் அடிமூட்டில் மடங்காது. அக்காவுக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் இடது கை பழகாத கை. ஓரத்தை வெட்டுவதற்குள் மாவு இறுகி, கட்டு விரல் பக்கம் ஏறிவிட்டது. சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு, “நீளமா இருக்கே அக்கா. நாளைக்கே வேற போட்டுக்குங்க” என்றார். தலையை ஆட்டினாள். ஆனால் வேறு போட வேண்டுமானால் அந்த மதியக் கட்டுக்காரரிடம் கையை நீட்ட வேண்டும். நீட்டவில்லை. டாக்டர் மறுநாளே ஒன்றரை மாதப் பயிற்சிக்கு வெளியூர் போனது இவளுக்கு வசதியாகிவிட்டது. வறட்டு கௌரவம், வேறென்ன சொல்வது?

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். “சட்டைக் கை ஒரு அங்குலம் நீண்டாலே நான் பிரிச்சுத் தைக்கிறேன். நீ கையையே இப்படி வெச்சிருக்கியே” என்றார். “உங்க வேலையைப் பாருங்க” என்று அவர் வாயையும் அடைத்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்துக் கட்டை வெட்டினார்கள். முன்கை பாதியாக மெலிந்திருந்தது. தோல் தினமும் பழசை உதிர்க்கும். கட்டுக்குள் அது உதிர்ந்து போக வழியில்லாமல் செதில் செதிலாகப் படிந்திருந்தது. அதெல்லாம் அவள் ஆயிரம் பேரிடம் பார்த்ததுதான். வெந்நீரும் எண்ணெயும் போதும். ஆனால் விரல்கள் மடங்கவே இல்லை. மூடு என்றால் முனை மட்டும் லேசாக அசைந்தது.

“எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு. ஆனா இந்தக் கையால கட்டுப் போட முடியாதுக்கா. ரெண்டு மாசம் பார்ப்போம். சரியாகலைன்னா சீட்டுப் பதியுற இடத்துக்கு மாத்திக்கலாம்” என்றார் டாக்டர்.

சீட்டுப் பதிவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் அது அக்காவின் வேலை இல்லை. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் தட்டினாள்.

மேடம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீங்களே போட்டதா?”

“ஆமா. டாக்டர் ரெண்டு மாசம் கெடு குடுத்திருக்கார்.”

“திட்டுறதுக்கு ரெண்டு மாசம் இருக்கு. முதல்ல உட்காருங்க.”

அவர் அக்காவின் முன்கையை அழுத்தினார். “விரலை மடக்குற பெரிய தசையெல்லாம் விரல்ல இல்லை, இங்க இருக்கு. இங்கருந்து கயிறு மாதிரி ஓடிப்போய் விரலை இழுக்குது. வேலை இல்லாததால மெலிஞ்சு கிடக்கு. மூட்டைச் சுத்தியிருக்குற உறையும் இறுகிப்போச்சு. ரெண்டும் திரும்ப வரும். ஆனா வலிக்கும்.”

“எலும்பு தாங்குமா?”

“அது உங்களைவிடப் பொறுப்பானது. முதல்ல ரத்தம் உறைஞ்சு, அப்புறம் குருத்து மாதிரி இளசா ஒட்டி, இப்ப கெட்டிப்பட்டிருக்கு. இனிமே அதுவே தன்னைச் சீர் பண்ணிக்கும். நாம கவலைப்பட வேண்டியது விரலைத்தான்.”

வெந்நீரில் கையை வைப்பது, பஞ்சைப் பிழிவது, துணிக் கவ்விகளைத் திறந்து மூடுவது. மேடம் பிடித்து மடக்கும்போது அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள். விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் இருந்த தூரத்தை மேடம் வாராவாரம் அளந்தார். மூன்றாவது வாரம் துளியும் குறையவில்லை. “போதும், சீட்டே பதியுறேன்” என்று எழுந்தவளை, “அதுக்கும் விரல் வேணும், உட்காருங்க” என்று பிடித்து உட்கார வைத்தார். ஐந்தாவது வாரம் ஆள்காட்டி விரல் உள்ளங்கையைத் தொட்டது. அன்று மேடம்தான் முதலில் கண்ணைத் துடைத்தார்.

கெடு முடிந்தது. டாக்டர் அவள் கட்டுப் போடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அக்காவுக்கு மனசு வரவில்லை. “என் சந்தேகத்தைப் பாவம் அவங்க கையில போட்டுப் பார்க்கக் கூடாது டாக்டர்.”

மேடம் உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். “என் கையில போடுங்க.”

“உங்களுக்குத்தான் ஒண்ணும் உடையலையே.”

“உடைஞ்சாத்தான் போடுவீங்களா?”

அக்கா சுருளை முக்கினாள். முதல் சுற்று மெதுவாக, இரண்டாவது இன்னும் மெதுவாக. மாவு இறுகும்போது உள்ளிருந்து சூடு கிளம்பும். அந்தச் சூடு மறுபடியும் அவள் உள்ளங்கையில் பட்டது. ரேகைக்கு முன்னால் சரியாக நிறுத்தி, ஓரத்தை மழுக்கினாள். மேடம் ஐந்து விரலையும் மூடித் திறந்து காட்டினார்.

டாக்டர் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியே எட்டி, “முதல் ஆள் வாங்க” என்றார்.

“என் கட்டைப் பிரிக்கலையா?” என்று கேட்டார் மேடம்.

“கொஞ்சம் பொறுங்க மேடம், ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க” என்றாள் அக்கா, அடுத்த சுருளைத் தண்ணீரில் முக்கியபடி.

மேடம் மாவுக்கட்டோடு மூலையில் போய் உட்கார்ந்தார். அக்கா மூன்று பேருக்கும் கட்டுப் போட்டு முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.