ஆபத்தில்லாத கட்டி

போன புதன்கிழமை டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். என் அக்கா, அத்தான், இங்கிலீஷ் பேசுவதற்காக நான். இல்லாதவர்கள், அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். கைக்குழந்தை மீனா... அவளைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. நான்கு வயது செல்வம் — அவன் சுங்கை ரம்பாயில், அத்தானுடைய அண்ணன் வீட்டில்.

ஏன் அங்கே? மீனாவுக்கு ஓயாத இருமல். சயரோகம், தாயிடமிருந்து தொற்றியது என்று எங்கள் ரப்பர்த் தோட்டம் முழுக்கப் பேச்சு. அண்ணன்காரர் வந்து செல்வத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "பையனாச்சும் பொழைக்கட்டும்லா!"

பிறகுதான் எக்ஸ்ரே. மீனாவின் நெஞ்சில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. நுரையீரலில் கட்டி. பச்சைக் குழந்தைகளுக்கு மிக அபூர்வமாம். என்ன கட்டி? வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள்.

ஆபரேஷனுக்காகச் சிங்கப்பூருக்குப் புறப்படுவதற்கு முந்தைய மாலை அவளுக்கு மூச்சு முட்டியது. அவசரகால ஊரடங்கு நேரம். தோட்டத்து முள்வேலிக் கதவு விடிந்துதான் திறந்தது. சிங்கப்பூரில் வெட்டினார்கள் — கட்டி வந்தது, குழந்தை வரவில்லை.

இப்போது சோதனை முடிவு. டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"சயரோகம் இல்லையாம். புற்றுநோயும் இல்லையாம். ஆபத்தில்லாத கட்டியாம்."

அத்தான் டாக்டரையே பார்த்தார். "ஆபத்து இல்லேன்னா, என் புள்ள எங்க தொரை?"

டாக்டர் உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தார். குழந்தையின் நெஞ்சு இவ்வளவுதான். இந்தக் கட்டி பரவாது; ஆனால் வளரும். வளர்ந்தால் நுரையீரல் எங்கே போகும்?

'ஆபத்தில்லை' என்று கேட்டதுமே நிம்மதியாகிவிடுகிறோம். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யார் கேட்கிறோம்?

அக்கா கேட்டது வேறு. "தம்பி, என்கிட்டேருந்து ஒட்டலைன்னு சொன்னாரா? நல்லா கேளு."

"இல்லவே இல்லைக்கா."

"அப்போ பஸ் ஏறுங்க. செல்வத்தைக் கூட்டிட்டு வரணும்."

சுங்கை ரம்பாயில் அண்ணன்காரர் வாசலில் அக்காவை மறித்து நின்றார். "டாக்டர் ஆயிரம் சொல்வான். உன் நெஞ்சைப் படம் புடிச்சுக் காட்டு. அப்புறம் தூக்கிட்டுப் போ."

அவர் காலுக்குப் பின்னாலிருந்து செல்வம் எட்டிப் பார்த்தான். "அம்மா, நீ இருமுறியா?"

சனிக்கிழமை அக்காவுக்குப் படம் பிடித்தோம். சுத்தமான நெஞ்சு. அண்ணன்காரர் அதை வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, பையனை விட்டார்.

பெற்ற மகனைத் திரும்பப் பெறத் தாய்க்கு ஆன செலவு — கிளினிக் ஃபீஸ், பன்னிரண்டு வெள்ளிப் பணம்.