இலையுதிர்கால மேசையில் ஒரு காளான்

ஒக்டோபர் மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு ஜேர்மனியில் எங்கள் நகரமான வுப்பர்டாலின் மலைச்சரிவுக் காடுகளிலிருந்து ஒரு மணம் இறங்கி வரும். நனைந்த பீச் மர இலையும் ஊறிய மரப்பட்டையும் கலந்து, கனகாலம் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தது போன்ற அந்த மணம் எங்கள் தெருவின் கல்படிகள் வழியே வந்து, மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல்வரை ஏறும். எனக்கு ஒன்பது வயதாகும்வரை உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த மணம் அதுதான். இப்போது அது மூக்கில் பட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

வீட்டில் அந்தப் பருவத்துக்கு "இலை கொட்டிற காலம்" என்று பெயர். அம்மாவுக்கு அதன் அடையாளங்கள் எல்லாம் சமையலறைக்குள்ளேயே இருந்தன: தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறையும், தோசை மா இரண்டு நாளாகியும் பொங்காமல் கிடக்கும், காலையில் ஜன்னல் கண்ணாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்கும். என்னுடைய அடையாளங்கள் வெளியே இருந்தன. காலையில் அயலவர்கள் கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டும் சத்தம், தெற்கு நோக்கிக் கத்திக்கொண்டு பறக்கும் நாரைக் கூட்டம், பள்ளிக்கூட மதிலோரம் முள்ளுக் கோது வெடித்து விழும் கஸ்தானியன் கொட்டைகள். இவற்றையெல்லாம் நான் ஆர்வத்தோடு கவனித்ததற்கு எங்கள் வகுப்பு ஆசிரியை ஃப்ராவ் லிண்டர்தான் காரணம். இலையுதிர்கால விடுமுறைக்கு முன்பாக அவர் வகுப்பு ஜன்னலருகே ஒரு தாழ்வான மேசையைப் போட்டுவிடுவார். அதற்கு "ஹெர்ப்ஸ்ட்டிஷ்", அதாவது இலையுதிர்கால மேசை, என்று பெயர். பிள்ளைகள் வெளியே கண்டெடுத்த பருவ அடையாளங்களைக் கொண்டுவந்து அதில் வைத்து, எங்கே எடுத்தோம் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அந்த வருடம் நான் கொண்டுபோன கஸ்தானியன் கொட்டைகளை எனக்கு முன்பே எட்டுப் பேர் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவரும் கொண்டுவராத ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை எனக்குள் புகுந்துகொண்டது.

அப்போது வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா டுசல்டோர்ஃபில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். காலையில் ரயிலேறினால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். அம்மாவின் தம்பி தயா மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகியிருந்தது. பூட்டுச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு அதிகாலை வேலை. இருபத்தாறு வயது, சிரித்த முகம், எனக்கு விளையாட்டுத் தோழன் என்றால் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை விட்டு வெயில் வந்ததும், அம்மாவும் மாமாவும் நானும் காட்டுப் பக்கம் நடக்கப் போனோம். பீச் மரங்களுக்குக் கீழே சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. நான் அதை உதைத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். சருகு விலகிய ஓரிடத்தில் அவை நின்றன. வெளிர் பச்சைத் தொப்பி, பட்டுத்துணி போல மினுக்கம், கழுத்தில் மெல்லிய வெள்ளைப் பாவாடை. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"மாமா, இஞ்ச ஓடி வாங்கோ! காளான்!"

அதைக் கண்டது நான். கூப்பிட்டதும் நான்.

மாமா குந்தியிருந்து பார்த்தார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் ஜேர்மனியில் கண்டதில்லை. "அக்கா, ஐப்பசி மழைக்கு எங்கட பனங்காணிக்குள்ள முளைக்கிறதெல்லே இது! இஞ்சயும் அதே மாசத்தில முளைக்குது, பாருங்கோவன்!"

அம்மா ஒன்றைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்து மடிப்புகள் பால் வெள்ளையாக இருந்தன. ஓரத்தில் நத்தை தின்ற ஓட்டை ஒன்று. "பூச்சி புழு திண்டிருக்கு. அப்ப நல்லதுதான்," என்றார். சமையலில் அம்மா சொன்னால் அது முடிவு. மாமா தன் மழைக் கோட்டை விரித்து எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். நான் மட்டும் ஒன்றை மேசைக்காக, மண்ணை விரலால் தோண்டி, வேரோடு எடுத்தேன். அதன் அடி, உடைந்த முட்டைக் கோதுக்குள் நிற்பது போல, ஒரு வெள்ளைப் பைக்குள் இருந்தது. அந்த அழகுக்காகத்தான் அதைக் கவனமாக எடுத்தேன். மற்றவற்றின் அடி பிடுங்கும்போதே மண்ணுக்குள் அறுந்துவிட்டது.

அன்று வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி இருந்தது. அதனால் காளானைக் கழுவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலை மாமாவுக்குச் சாப்பாடு கட்டுவதற்காக எழும்பியபோது அம்மா அதைச் சமைத்தார். நஞ்சிருக்கிறதா என்று அறிய, ஊர் வழக்கப்படி மஞ்சளும் உள்ளியும் போட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தாராம். மாறவில்லை. நான் எழும்பியபோது வீடெல்லாம் பால்கறி வாசம். மாமா சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போயிருந்தார். மிச்சக் கறி, மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சாப்பிடுவதற்காகச் சட்டியில் மூடி இருந்தது.

என் காளானை ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் பஞ்சு வைத்துக் கொண்டுபோனேன். என் முறை வந்ததும் முன்னால் போய் நின்று மூடியைத் திறந்தேன். வகுப்பு "ஆ" என்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃப்ராவ் லிண்டர் சிரித்துக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் காளானின் அடியில் இருந்த வெள்ளைப் பையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். அந்தச் சிரிப்பு அவருடைய முகத்திலிருந்து வழிந்து போனதை நான் இன்றும் காண்கிறேன். டப்பாவை என் கையிலிருந்து வாங்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மிகவும் மெதுவான குரலில் கேட்டார்: "கவி, இது எங்கே கிடைத்தது? இன்னும் இருந்ததா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜேர்மன் மொழியில் சொன்னேன். நிறைய இருந்தது. அம்மா சமைத்துவிட்டார்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளித் தாழ்வாரத்தில் ஓடினார். ஆசிரியர்கள் ஓடுவதை நான் அதுவரை கண்டதில்லை. அலுவலகத்தில் என்னிடம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டு அழுத்தி, ரிசீவரை என் காதில் வைத்தார். அம்மாவுக்கு அப்போது ஜேர்மன் மொழி தெரியாது. அந்தச் செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா, காளான் கறியைச் சாப்பிடாதேங்கோ. அது நஞ்சாம்."

"ஆர் சொன்னது? விசர்க்கதை கதைக்காத."

"டீச்சர் சொல்றா. சாப்பிட்டனீங்களோ?"

"உப்புப் பாக்க ரெண்டு துண்டு வாயில போட்டன்…" அம்மா நிறுத்தினார். பிறகு அவருடைய குரல் மாறியது. "ஐயோ பிள்ளை. தம்பி பெட்டியில கொண்டுபோயிட்டான்."

மாமாவின் தொழிற்சாலை எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய வேலைச் சட்டையின் முதுகில் மஞ்சள் எழுத்தில் இருந்த பெயர் தெரியும்; வாசிக்கப் பழகிய நாளிலிருந்து கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வாசிக்கிற பிள்ளை நான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பள்ளிச் செயலாளர் இன்னொரு தொலைபேசியில் அழைத்தார். சுவரில் மணி ஒன்பதே கால். மாமாவின் இடைவேளை ஒன்பது மணிக்கு. அங்கே யாரோ அவரைத் தேடிப் போன நேரம் முழுவதும் நாங்கள் மூன்று பேரும் அந்தச் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு செயலாளர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மாமா சாப்பிட்டு முடித்து, பெட்டியையும் கழுவி வைத்துவிட்டாராம்.

இரண்டு அம்புலன்ஸ்கள் போயின. அம்மாவை வீட்டிலிருந்தும் மாமாவைத் தொழிற்சாலையிலிருந்தும் ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கழுவி, நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். அப்பா மத்தியானம் சமையல் உடுப்போடேயே வந்து பள்ளியில் என்னை அழைத்துக்கொண்டு அங்கே போனபோது, இரண்டு பேருடைய உதடுகளும் கறுப்பாக இருந்தன. மாமா கறுத்த பற்களைக் காட்டிச் சிரித்தார். "எனக்கு ஒண்டும் செய்யேல்ல அத்தான். நல்ல ருசியா இருந்தது," என்றார் அப்பாவிடம். அன்று மாலைக்குள் அவருக்கு வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டன.

புதன்கிழமை நடந்ததுதான் எனக்குள் இன்றும் ஆறாத அதிர்ச்சி. அன்று நாங்கள் போனபோது மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாந்தி நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். அப்பா கண்களைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் துள்ளினேன். உள்ளே வந்த டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எங்களை வெளியே அழைத்துப் போனார். அப்பாவுக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி சமையலறைக்குள் மட்டும் செல்லுபடியாகும். மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்று டொக்டர் என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். பிறகு மெதுவாக விளக்கினார். இந்த நஞ்சு இப்படித்தானாம். சுகமாகிவிட்டது போல ஒரு நாள் காட்டுமாம். அந்த நாளில்தான் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்குமாம். நாளைய இரத்தப் பரிசோதனை இன்னும் மோசமாக வந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, வேறு ஒருவருடைய ஈரலைத் தேட வேண்டி வருமாம். அதற்கும் நேரம் போதாமல் போகலாமாம்.

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமாவின்ர ஈரலுக்குக் காய்ச்சலாம்," என்றேன். "நாளைக்கு இரத்தம் பாப்பினமாம்."

"வேற என்ன சொன்னவர்? அவர் கனக்கக் கதைச்சவரெல்லே."

"அவ்வளவுதான் அப்பா."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமா எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன். அவர் செத்துப் போகக்கூடும் என்பது அந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் அதை வைத்துக்கொண்டு நான் வீடு திரும்பினேன். அப்பா வாங்கித் தந்த பாணைத் தின்றேன். கணக்குப் பாடம் செய்தேன். அம்மாவை அடுத்த நாள் விட்டார்கள். இரண்டு துண்டுதான் என்பதால் தப்பினார். வந்ததும் சமையலறைக்குப் போய், அந்தக் கறி இருந்த சட்டியைத் தேடினார். மருத்துவமனைக்காரர்கள் கறியோடு கொண்டுபோயிருந்தார்கள். சட்டி இருந்த இடத்தைப் பார்த்தபடி, "என்ர கையால," என்றார்.

மாமா பிழைத்துக்கொண்டார். வியாழக்கிழமை இரத்தம் மோசமாக வந்தது, ஆனால் அவர்கள் பயந்த அளவுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஈரல் பாதிப்பைக் காட்டும் எண்கள் இறங்கத் தொடங்கின. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் பிடித்ததால்தான் உயிர் தப்பியது என்று டொக்டர் சொன்னார். அதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மூன்று வாரம் கழித்து மாமா மெலிந்து, மஞ்சள் பூத்த கண்ணோடு வீட்டுக்கு வந்தபோது மரங்களில் ஒரு இலையும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் என் தலையைத் தடவி, "நீதானே பிள்ளை மாமாவைக் காப்பாத்தினது," என்றார்கள். மாமாவும் அதையேதான் சொன்னார், இன்றும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். சருகை உதைத்து அதை முதலில் கண்டவள் நான் என்பது அவருக்கும் தெரியும். அவர் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

அந்தச் சரிவுக் காடு இப்போது இல்லை. தொடர்ந்து வந்த வறண்ட கோடைகளில் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து இறங்கின. பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள், வேலியும் எச்சரிக்கைப் பலகையும் மிஞ்சியிருக்கின்றன. ஒக்டோபரில் கார்க் கண்ணாடி சுரண்டும் சத்தமும் அருகிவிட்டது. சில வருடங்களில் மார்கழி வரைக்கும் உறைபனியே இல்லை. ஆனால் எனக்கு அவற்றைவிடப் பெரிய இழப்பு வேறு. அந்த இலையுதிர்காலத்துக்கு முன், அம்மா இந்த ஊரில் நடந்து போகும்போது சும்மா நடந்ததே இல்லை. தெருவோரத்து மஞ்சள் பூச்செடியின் இளம் இலையைக் கிள்ளி வறை செய்வார். கையில் பையைச் சுற்றிக்கொண்டு சுணைச் செடியின் கொழுந்து பறிப்பார். மதிலுக்கு வெளியே சாய்ந்த கொடியில் கறுப்புப் பழம் பிடுங்கி என் வாயில் போடுவார். மொழி தெரியாத ஊரின் மண்ணோடு அவருக்கு இருந்த ஒரே பேச்சு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதன் பிறகு, கடையில் பெயர் ஒட்டி விற்காத எதையும் அவர் தொட்டதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ரயில் ஓடாத பழைய தண்டவாளப் பாதையில் அம்மாவும் நானும் நடந்தோம். நடைபாதை முழுக்க ஹாசல் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. சிறு பிள்ளைகளும் பொறுக்கித் தின்கிற கொட்டை. ஒன்றைக் காலால் உடைத்து, பருப்பில் பாதியைத் தின்று, மீதியை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மணந்து பார்த்தார்.

"நீ திண்டிட்டியோ?"

"ஓம் அம்மா. இது ஒண்டும் செய்யாது."

"எத்தினை திண்டனி?"

"பாதிதான்."

"காணும், இனித் தின்னாத," என்று பருப்பைப் பாதையோரம் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, முப்பது வயது தாண்டிய என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.