யாரும் தள்ளாத சுழற்சி

ஹைதராபாத் வந்து இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகாத ஒரு விஷயம் உண்டு. எங்கள் அல்வால் தெருவில் எந்தப் பெண்மணி என்னைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சார் எக்கட சேஸ்தாரு?" அதாவது, சார் எங்கே வேலை பார்க்கிறார்? சார் என்றால் என் கணவர் சரவணன். ஹைடெக் சிட்டியில் ஏதோ ஓர் அமெரிக்க வங்கிக்கு ராப்பகலாக மென்பொருள் எழுதுகிறவர். என்னைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. ஒரு நாள் கடுப்பில் நானே சொல்லிவிட்டேன், நான் அணு இணைவு ஆராய்ச்சி செய்தவள் என்று. காஞ்சன்பாக்கில் ராணுவ ஆய்வகங்கள் இருக்கும் ஊரல்லவா இது? மறுநாளே நான் ரகசியமாக குண்டு செய்கிறவளாகிவிட்டேன். காய்கறிக்காரர் கேட்காமலே கொசுறுக் கொத்தமல்லி போட ஆரம்பித்தார். என் முனைவர் பட்டத்தால் இந்த ஊரில் விளைந்த ஒரே பலன் அந்தக் கொத்தமல்லிதான்.

நான் செய்ததற்கும் குண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. குஜராத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே டோகமாக் என்றோர் இயந்திரம்: உளுந்துவடை வடிவத்தில் உலோகக் கூடு, அதற்குள் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மா. சுவரில் படாமல் காந்தப்புலம் அதைப் பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து வேகமான அணுக்களைப் பாய்ச்சித் தள்ளினால் பிளாஸ்மா சுற்றும். அதில் அதிசயம் இல்லை. யாரும் தள்ளாவிட்டாலும் சுற்றும் என்பதுதான் அதிசயம். உள்ளே எண்ணற்ற குட்டிச் சுழல்கள் அங்கிட்டும் இங்கிட்டும் இடித்துக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும். வராது. ஒரு பக்கம் துளி கூடுதலாக இருக்கும். அந்தத் துளிகள் சேர்ந்து மொத்தத்தையும் ஒரே திசையில் ஓட்டிவிடும். இதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அப்போது என் வேலையாக இருந்தது, அவ்வளவு பிடித்த வேலை. பிறகு கல்யாணம், மகள் யாழினி, ஹைதராபாத். யாரும் என்னை வேலையை விடச் சொல்லவில்லை. இதை எங்கள் வீட்டில் அவ்வப்போது எனக்கு ஞாபகப்படுத்துவார்கள்.

போன மாதம் என் பழைய பேராசிரியர் போன் செய்தார். அதே குஜராத் ஆய்வுக்கூடம், அதே ஆய்வு, இரண்டு வருஷ வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இனி இப்படி ஓர் இடம் காலியாகாது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உன் இஷ்டம்தான். நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றார் சரவணன். "யாழினிக்கு டிபன் யாரு கட்டுவாங்கன்னு மட்டும்தான் யோசிச்சேன்." அவருக்கும் கை இரண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மதுரையிலிருந்து மாமியார் பேசினார். "படிச்ச பிள்ள, ஒனக்குத் தெரியாததா? பாத்துச் செய்யித்தா. பிள்ளதான் ஏங்கிப்போகும். சரி, நான் எதுக்குக் குறுக்க பேசப்போறேன்."

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ரீட்டா ஆன்ட்டி தலைமுறைகளாகச் செகந்திராபாத் தமிழர், பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும். "ஹவ்மா, தாராளமா போ. நக்கோன்னு யாரு சொல்றா? ஆனா இந்த டென்ஷன் எல்லாம் கைக்கு? எங்க சர்ச் ஸ்கூல்லயே சயின்ஸ் டீச்சர் கேக்குறாங்க." வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. எதற்கு என்றுதான் கேட்டார்.

எவ்வளவு சுதந்திரம் பாருங்கள்! ஒருவர்கூடத் தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் இருக்கும் என் தோழிகளுக்கு வாய்க்குமா இது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேராசிரியருக்குப் போன் போட்டேன். ஹாலில் சரவணன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"சார், இந்த வருஷம் எனக்கு முடியாது."

சொல்லிக்கொடுத்தது போலத் தெளிவாக வந்தது. ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டிவி சத்தம் மறுபடி கூடியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்து அறையில் அப்பாவின் சுழல்நாற்காலியில் யாழினி சுற்றிக்கொண்டிருந்தாள். பாதிச் சுற்று என்னைப் பார்த்தாள், மீதிச் சுற்று ஹாலை. "அம்மா, சூடு! எவரூ தோயட்லேது!" பாரும்மா, யாரும் தள்ளவில்லையாம். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

"கால்விரலால செவுத்த உந்துறியேடி" என்றேன்.

"லேது! தானந்தட அதே திருகுதோந்தி!" இல்லவே இல்லை, தானாகத்தான் சுற்றுகிறதாம். சொல்லிவிட்டு விரல்நுனியால் மறுபடி சுவரை உந்தினாள்.