ஆராட்டு இரவில் இரண்டு ஆணிகள்

யானை வருகிறது என்பதற்காக ஒரு விமான நிலையம் ஐந்து மணி நேரம் மூச்சடக்கி நிற்கும் ஊர் திருவனந்தபுரம். ஆராட்டு எனும் திருநீராட்டு நாளில் பத்மநாபசுவாமி தம் கோவிலிலிருந்து கிளம்பி, ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, சங்குமுகம் கடலில் நீராடி, அதே வழியே திரும்புவார். அதுவரை விமானம் ஏறாது, இறங்காது.

சுமந்துக்கு இது புதிதல்ல. சிறுவனாக அப்பா பஞ்சாபகேசனின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தோடு அந்தப் பாதையைக் கடந்திருக்கிறான். நடுவிலுள்ள வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும் அப்பா கால் வைக்கமாட்டார். "பிளேன் போற எடமாக்கும் அது," என்று சொல்லித் தாண்டுவார்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அந்த மனிதர்தான் வீட்டை அடகு வைத்து, ஐம்பத்தைந்து லட்சம் கடன் வாங்கி, மகனைப் பைலட்டாக்கினார். லைசென்ஸ் வந்தது. வேலை வரவில்லை. போன ஆவணியில் அப்பாவும் போய்விட்டார்.

முதல் மாதமே மூன்று லட்சம் சம்பளம் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கைக்கு வராத அந்த மூன்று லட்சத்தைச் சுமந்த் மனதுக்குள் பலமுறை செலவழித்துவிட்டான். ஒரு சிறிய விமானப் பயிற்சிக் கழகம் வகுப்பறையில் தரைப்பாடம் நடத்தக் கூப்பிட்டபோது, "அந்தச் சம்பளம் என் ஷூவுக்கே காணாது," என்று போனை வைத்தான். கடைசியில் தவணை நெருக்கியதால்தான், ஓடுபாதையைச் சோதிக்கும் ஒப்பந்த வேலைக்கு வந்தான். சம்பளம் இருபத்தாறாயிரம். முதல் நாளே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, மூன்று லட்சம் சம்பளப் பேச்சு.

"கேப்டன் சாரே, பிளேன எங்க நிறுத்தியிருக்கீக?" என்று கேட்டாள் ஷிப்ட் பொறுப்பாளர் இசக்கிசெல்வி. தென்காசிப் பக்கமிருந்து கான்கிரீட் வேலைக்கு வந்தவரின் மகள். அவனைவிட இரண்டு வயது இளையவள்.

இன்றோடு அந்தக் கிண்டலுக்கும் முடிவு. நாளைக் காலை அம்மா சுப்புலக்ஷ்மி வங்கியில் கையெழுத்திட்டால், அதே வீட்டின்மேல் இன்னும் இருபத்தைந்து லட்சம் கிடைக்கும். வெளிநாட்டில் பெரிய விமானப் பயிற்சி. முடித்ததும் வேலை நிச்சயம் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தான். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் தயார்.

திரும்பிய ஊர்வலத்தின் கடைசித் தீவட்டி கேட்டைத் தாண்டியபோது மணி எட்டரை. ஒன்பதுக்குப் பாதை திறக்க வேண்டும். கடலுக்கு மேலே முதல் விமானம் வட்டமடிக்கத் தொடங்கியிருந்தது. துப்புரவு வண்டி போய்வந்தபின்னும் சுமந்த் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எறங்குங்க சாரே. நடந்து பாக்கணும்."

"யானை லத்தி பொறுக்கவா நான் எரநூறு மணி நேரம் பறந்தேன்?"

"லத்திய நான் பாத்துக்கிடுதேன். நீங்க இரும்பு இருக்கான்னு பாருங்க. மேல நூத்தெம்பது பேரு சுத்துதாங்க, கேட்டோ!"

முணுமுணுத்தபடி இறங்கினான். டார்ச் வெளிச்சத்தில் நசுங்கிய பூக்கள், எண்ணெய்த் துளிகள். வெள்ளைக் கோட்டையொட்டி ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தான். வளைந்த லாட ஆணி. ஊர்வலத்தோடு வந்த காவல்துறைக் குதிரையின் குளம்பிலிருந்து கழன்றிருக்கும்; துப்புரவு வண்டியின் பிரஷ் இங்கே தட்டிவிட்டிருக்கும். வேகமாக இறங்கும் சக்கரத்தில் இது ஏறினால்?

"செல்வி! தெறக்கச் சொல்லாதே! லாடம் ஆட்டம் கண்டிருந்தா இன்னொண்ணும் விழுந்திருக்கும்!"

மணி எட்டு ஐம்பத்தெட்டு. விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வாக்கிடாக்கியில் அதட்டினார்கள். அவள் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினாள். சுமந்த் கோட்டின்மேலேயே குனிந்தபடி ஓடினான். நாற்பது அடி தள்ளி, அதோ, இரண்டாவது ஆணி!

மீதி இடத்தையும் இருவரும் அலசி முடித்தார்கள். சட்டைப்பையிலிருந்த தாளில் ஆணிகளைப் பொதிந்து அவளிடம் கொடுத்தான். அவள் வாக்கிடாக்கியை நீட்டினாள்.

"எடுத்தவுகளே சொல்லுங்க."

"ரன்வே கிளியர்," என்றான். பயிற்சியில் எத்தனையோ முறை காதில் விழுந்த வார்த்தைதான். இன்று வானத்தில் நூற்றெண்பது பேர் அவன் வாயிலிருந்து அது வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

கடல் பக்கம் இரண்டு விளக்குகள் தாழ்ந்தன, பெருத்தன. ஓரத்தில் நின்றவர்களின் சட்டை படபடக்க, டயர் ரப்பரின் தீய்ந்த மணத்தோடு விமானம் பாய்ந்து சென்றது. சுமந்த் இரு கைகளையும் தூக்கிக் கூவினான்.

"மூணு லட்சம் குடுத்தாக்கூட இப்பிடிக் கூவ மாட்டீக போல," என்று சிரித்த செல்வி தாளைப் பிரித்தாள். "ஆணி சரி. இது என்ன, ராஜினாமாவா?"

"அது வெறும் பேப்பர். வச்சுக்கோ," என்று நகர்ந்து, போனை எடுத்தான்.

"அம்மா, நாளைக்குப் பேங்குக்குப் போகவேண்டாம்."

"என்னடா சொல்றே? சீட்டு போயிடும்னானே அந்த ஏஜெண்டு!"

"போட்டும். இருக்கற கடனை மொதல்ல கொறைக்கறேன். அந்தத் தரைப்பாடம் எடுக்கற எடத்துலயும் லீவு நாளுக்குக் கேக்கப் போறேன். பறக்காம விடமாட்டேன்மா, ஆனா வீட்டை வச்சு இல்லை."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா நடந்த எடத்துல நடந்தியோ?"

"நடந்தேன்."

"வெள்ளைக் கோட்டு மேல கால் வைக்கலையே?"

"வச்சேம்மா," என்றான் சுமந்த். மூச்சு இன்னும் வாங்கியது. "அது மேலயேதான் ஓடினேன்."