தசரா முடிந்த பிறகும் வந்த இலை

"வித்யா, கையைத் தொடறது எப்போடி தப்பாகும்?" என்று வைஜயந்தி கேட்டாள்.

சிஞ்ச்வட்டில் லோக்கல் ரயில் ஏறி உட்கார்ந்த நேரம். ஸ்ரீவித்யா கொஞ்சம் தயங்கினாள். "யாரு தொட்டாங்க அக்கா?"

"கதம் சாஹேப். தசராவுக்கு எல்லாருக்கும் இலை குடுத்தாரே."

"எனக்கும்தான் குடுத்தார். வழக்கம்தானே?"

"உனக்கு முடிஞ்சுபோச்சு. எனக்கு இன்னும் தினமும் தசரா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் மரங்கள் மிதந்து போயின.

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"முந்தாநாள் கையை இழுத்துக்கிட்டு, 'பஸ், போதும் சாஹேப்'னேன். நேத்தும் வந்தார். ஆனா முதல்ல எல்லாம் சிரிச்சேனேடி."

"பயந்து சிரிச்சது சம்மதமா அக்கா? உங்களுக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான்."

சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள்முதல் வைஜயந்தி புணேயின் வழக்கங்களை ஆசையோடு பழகியவள். தசராவன்று ஆப்டா இலையைப் பொன் என்று சொல்லிக் கையில் வைப்பார்கள். நம் ஊர் ஆத்தி இலைதான். பொன்னை மறுப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாள். அதனால்தான் பண்டிகை கழிந்தும் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கதம் காய்ந்த இலையோடு வந்தபோது கையை நீட்டினாள். அவர் அவள் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் மணிக்கட்டில் ஊர்ந்தது. அடுத்த மேஜைக்காரி, "காய் பாய், என்னம்மா, உனக்கு மட்டும் தனிப் பொன்னா?" என்று கேலி செய்தாள்.

கீறல் இருக்கிறதா என்று பேரிங் வளையங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி பகல்கனவு காண்பது வைஜயந்தியின் வழக்கம். அந்த வளையங்களுக்குள் அவளுக்குச் சின்னச் சின்ன நிலாக்கள் தெரியும். அந்த இலை வந்த பிறகு நிலா எதுவும் தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டால் கைகளை மேஜைக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

வேலையிடங்களில் பெண்களின் இப்படிப்பட்ட புகார்களைக் கேட்க ஒரு குழு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி இரண்டு வருடமாகியிருந்தது. தொழிற்சாலையிலும் புகார்க் குழு ஒன்று இருந்தது. அதுவரை யாரும் அதன் கதவைத் தட்டியதில்லை. வைஜயந்தி தட்டினாள். "எங்க பண்டிகையைக் கொச்சைப்படுத்துறா" என்றார் கதம். குழு தன்னை நம்பாவிட்டால், அவள் அதே மேஜையில் அதே மனிதரின் கீழ் மிச்சக் காலமும் உட்கார வேண்டும்.

நம்பினார்கள். கதமை வேறு ஆலைக்கு மாற்றினார்கள். அடுத்த தசராவுக்கு வைஜயந்தியே ஒரு கூடை இலை கொண்டுவந்து கதவருகில் வைத்தாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வளையங்களுக்குள் நிலா திரும்பி வந்துவிட்டதாக ஸ்ரீவித்யாவிடம் ஒருநாள் சொன்னாள்.

ஆனால் ஸ்ரீவித்யாவுக்கு அடிக்கடி நினைவு வருவது விசாரணை நடந்த காலைதான். அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் தொட்டுப் பேசிப் பழக்கமில்லாத ஸ்ரீவித்யா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். வைஜயந்தி மேஜைக்கடியில் ஒளித்துப் பழகிய தன் வலக்கையை மெல்ல அவள் பக்கம் நீட்டினாள்.

"உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லைன்னா, அவங்க கூப்பிடற வரைக்கும் இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா?"