பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பாரிஸ் நாடகம்

எனக்கு ஒன்பது வயதானபோது பெர்மாஸ் ஜெயாவில் இருந்த எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். அம்மா எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் எழுவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவார். நான் தூங்கிய பிறகு திரும்புவார். அப்பாவுக்குப் பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பகலில் அவர் தூங்கும்போது டிவியைச் சத்தமில்லாமல்தான் பார்க்க வேண்டும். வாயை மட்டும் அசைக்கும் அந்த மனிதர்கள் என்ன பேசுவார்கள் என்று நானே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பேச்சுத்துணை சின்னம்மா ஒருத்திதான்.

அம்மாவின் தங்கையான அவள் எங்களோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவாள். மற்ற நாட்களில் இரண்டு தெரு தள்ளி ஒரு பிரெஞ்சுத் தம்பதி வீட்டில் கூட்டிப் பெருக்கித் துணி தேய்ப்பாள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். அந்த அம்மாள் பாசிர் கூடாங்கில் இன்ஜினியர். கணவர் எந்நேரமும் வீட்டிலேயே இருந்ததால் வேலைவெட்டி இல்லாதவர் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவர் இசை நாடகங்களுக்குப் பாட்டமைப்பவர். நான் அங்கிள் என்று கூப்பிடுவேன்.

அவர் வீட்டு மாடிப்படிச் சுவரில் நாடக போஸ்டர்கள் வரிசையாகத் தொங்கின. கீழ்ப்படிக்கு எதிரே இருந்தது அவர் இளைஞராக இருந்தபோது எழுதிய முதல் நாடகம். பாரிஸில் வருடக்கணக்கில் ஓடியதாம். அதன் பாட்டு ஒன்றை அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பாடினார்களாம். அடுத்தது மூன்று வாரம் ஓடியது. அதற்கடுத்ததைப் பார்க்க வந்தவர்கள் இடைவேளையோடு எழுந்து போனார்கள். கடைசி போஸ்டர் அச்சானதோடு சரி, நாடகம் மேடையேறவே இல்லை. படி மேலே ஏற ஏற அவர் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். பிறகு மனைவியின் வேலை எந்தத் துறைமுகத்துக்குப் போனதோ அங்கெல்லாம் பியானோவோடு கூடவே போனார். எல்லாவற்றையும் எனக்குப் புரியும்படி சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் சின்னம்மா துணி தேய்த்துக்கொண்டே ஒரு கீர்த்தனையைப் பாடினாள். அங்கிள் பியானோவை நிறுத்திவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். அடுத்த வாரமே அவருடைய புது நாடகத்தின் பாட்டுகளை அவள் கற்க ஆரம்பித்தாள். படகோட்டி ஒருத்தியின் கதை. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டாள். தொண்டைக்குள்ளிருந்து வரும் அவருடைய ‘ர’ நம் ‘ர’விலும் அடங்கவில்லை, ‘ற’விலும் அடங்கவில்லை. கடைசியில் ‘ஹ்ர’ என்று எழுதிச் சமாளித்தாள். அந்த இரண்டு மாதங்களில் சின்னம்மா நடக்கும் நடையே மாறிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, அவர் வீட்டுக் கூடத்திலேயே பாடிக் காட்டுவது என்று முடிவானது. அங்கிள் தன் கையால் அழைப்பு அட்டைகள் எழுதினார். எங்கள் வரிசை வீடுகளுக்கும் பாடகர் குழுவினருக்கும் பதினெட்டு அட்டைகள். தபால்தலை ஒட்டிய உறை ஒன்று, சிங்கப்பூரில் நாடகம் போடும் ஒருவருக்கு. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வரச்சொல்லி என் கையில் கொடுக்கும்போது, அந்த உறையைக் காட்டி உற்சாகமாகச் சொன்னார்: “இவர் மட்டும் வந்து கேட்டால், உன் சின்னம்மாவை இங்கே விட்டுவைக்க மாட்டார்.”

சிங்கப்பூர் என்கிற ஊர் ஆளை எடுத்துக்கொண்டு தூக்கத்தை மட்டும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் என்பதை நான் அம்மாவிடம் பார்த்திருந்தேன். உறையைக் கொண்டுபோய் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த பெரிய கால்வாயில் போட்டேன். அட்டைகளைக் கொடுத்தால் யாராவது அந்தச் சிங்கப்பூர்க்காரருக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயம் வந்தது. அவற்றையும் போட்டேன். முந்தின இரவு பெய்த மழையில் தண்ணீர் வேகமாக ஓடியது.

வீட்டில் சின்னம்மா கேட்டாள். “எல்லார் வீட்லயும் போட்டியா பாப்பா?”

“போட்டேன்லா.”

“சிங்கப்பூர் கடுதாசி?”

“அதுவும்தான்.”

அட்டை போன பிறகு, வருவீர்களா என்று தானே போய் யாரிடமும் கேட்க அவளுக்குக் கூச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா நீலப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். உருளைக்கிழங்கு மசாலா வைத்துத் தட்டு நிறையக் கறிபாப் சுட்டு வைத்திருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அன்றும் வேலை. கூடத்தில் நாற்காலிகள் மூன்று வரிசை. நான்கு மணி ஆனது. நாலேகாலுக்கு அங்கிள் வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். சின்னம்மா ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நேத்துகூட என்கிட்ட நல்லாதான் பேசினாரு,” என்று மெதுவாகச் சொன்னாள்.

நாலரைக்கு அங்கிள் பியானோ முன் உட்கார்ந்தார். அவர் மனைவியும் நானும் முதல் வரிசை. சின்னம்மா ஒரு பாட்டைக்கூட விடாமல் பாடினாள். முதலில் குரல் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. முடிந்ததும் அங்கிள் எங்களை எண்ணிப் பார்த்து, “இரண்டு பேர். ஆனால் இடைவேளையில் யாரும் எழுந்து போகவில்லை,” என்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் எழுந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் அவர்கள் வேறொரு துறைமுகத்துக்கு மாறிப் போனார்கள். சின்னம்மா தெப்ராவில் ஒரு சலவைக்கடையில் சேர்ந்தாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் பாடகர் குழுவுக்குப் போகவில்லை. தெருவில் யாராவது நின்று பேசினால் பதில் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடும்போது புத்தகத்தை மட்டும் புரட்டுவாள். அவள் எங்கும் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு நிகழ்ச்சியைத் தடுத்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரே அழைப்பை வாங்கிக்கொண்டு, படித்துப் பார்த்து, வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்திருந்ததாக சின்னம்மாவையும் அங்கிளையும் நம்ப வைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மறுத்திருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் யாருமே மறுக்கவில்லை. அது தெரிந்த ஒரே ஆளான நான், முதல் வரிசையில் காலாட்டிக்கொண்டு மூன்றாவது கறிபாப்பைத் தின்றுகொண்டிருந்தேன்.