இடது சக்கரத்தில் கொள்ளுச் செடி

எனக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. சட்டை எடுக்கப் போனால்கூடக் கடைக்காரர் முகம் சுளிக்கிற வரைக்கும் புரட்டிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவன், கியர்பாக்ஸின் வயிற்றுக்குள் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கப்போகிற ஓர் இரும்புச் சாமானைத் தேர்ந்தெடுக்க ஒன்றரை மாதம் அலைந்ததில் ஆச்சரியமில்லை. அந்த ஒன்றரை மாதமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்த ஞாபகம் இல்லை. பாதிச் சோற்றில் எழுந்துபோய் போனைப் பார்ப்பேன். திரும்பி வரும்போது ரசம் ஆறியிருக்கும்.

எங்களுடையது பழைய சின்னக் கார். முன் சக்கரங்கள் இரண்டும் இழுத்துக்கொண்டு போகிற வகை. வாரத்தில் ஆறு நாள் அது என் மனைவியின் கார். அவள் எழுமலையில் நர்ஸ். ஆனையூர் வீட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறிப் போய்வந்த காலத்தில் வாரம் ஒருமுறையாவது வேலையை விட்டுவிடப்போவதாகச் சொல்வாள். அப்புறம் முப்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று தடவை பயந்து பாதியில் விட்டு, நான்காவது தடவை லைசென்ஸ் வாங்கினாள். அதற்குப் பிறகு வேலையை விடுகிற பேச்சே எழவில்லை. வெள்ளைக் கோட்டைப் பின்சீட்டில் மடித்துப்போட்டு, பாட்டை வைத்துக்கொண்டு அவள் கிளம்புவதைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் அது என் கார். கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கிற நானூறு மீட்டர் பந்தயத்துக்கு எடுத்துப்போவேன். கப்பலூரில் மெஷின் பராமரிக்கிற வேலை பார்ப்பவனுக்கு அந்தப் பதினைந்து விநாடி வெறி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் தெரியாது. இன்ஜினைப் பிரித்து, டர்போ வைத்து, சக்தியையெல்லாம் கூட்டி வைத்திருந்தேன். ஆனால் பச்சை விளக்கு எரிந்ததும் இடது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடும். வலது சக்கரம் சும்மா இருக்கும். பக்கத்துப் பாதைக்காரன் போயே போய்விடுவான்.

குற்றம் டிஃபரென்ஷியலில். வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவேண்டும் என்பதற்காக வைத்த சாமான் அது. அதனிடம் ஒரு கெட்ட புத்தி உண்டு. எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே சுழற்சியை எல்லாம் கொடுக்கும். வீட்டில் வேலை செய்யாமல் திரிகிறவனுக்கே தேடித் தேடிச் சோறு போடுகிற அம்மாக்களைப் போல. இதைத் தடுக்கத்தான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்கும் பங்கு போய்ச் சேரும்.

பசுமலையில் பட்டறை வைத்திருக்கிறவன் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். தினமும் வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்பேன். நிற்பேன் என்பதுகூடச் சரியில்லை. அவன் ஒரு காருக்கு அடியில் படுத்திருப்பான், நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசுவேன்.

"மாப்ள, ஒரு இடத்துல நில்லு. உன் காலைப் பாத்தே எனக்குத் தலை சுத்துது" என்பான்.

அவன் சொன்ன கணக்கு எளிது. உள்ளே இருக்கிற பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். நேராக ஓட அது போதும், ஆனால் ஆனையூர்த் தெருமுனையில் திருப்பமுடியாது. அதை அவனே தள்ளிவிட்டான். மீதி இரண்டு. ஒன்று பிளேட் டைப். தட்டுத் தட்டாக அடுக்கி, ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும்படி செய்தது. இன்னொன்று கியர் டைப். பற்சக்கரங்களே ஒன்றோடொன்று உரசிப் பங்கைப் பிரித்துக் கொடுக்கும்.

"பிளேட் டைப் கடிக்கும் மாப்ள. கியர் டைப் கெஞ்சும். ஸ்டார்ட்டிங்ல உனக்குக் கடிக்கிறதுதான் வேணும். ஆனா தங்கச்சி ஓட்டுற வண்டிக்குக் கெஞ்சுறதுதான் நல்லது. ரெண்டையும் ஒண்ணா எவனும் செய்யல" என்றான்.

என் மனைவியும் தன் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என்னத்தையும் மாட்டிக்கங்க. ஆனா ஸ்டீயரிங் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். எனக்கு இதுதான் கை பழகின வண்டி."

கியர் டைப்தான் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது அது பொய்யில்லை. மறுநாள் பிளேட் டைப் மாட்டிய ஒரு வண்டி புகையே இல்லாமல் பாய்கிற வீடியோவைப் பார்த்தேன். அதற்கு மறுநாள் மறுபடியும் கியர் டைப். இப்படி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கொண்டே இருந்தேன். கம்பெனியில் ஒரு மோட்டாரைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு ஏச்சு வாங்கினேன். பந்தயத்துக்கு ஒரு மாதமே இருந்தபோது ஒரு மத்தியானம், கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பிளேட் டைப்புக்கு ஆர்டர் போட்டேன். போட்ட உடனே நெஞ்சு லேசானது. யோசித்து எடுத்த முடிவில்லை. யோசிப்பதை நிறுத்துவதற்காக எடுத்த முடிவு.

நண்பன் ஒரு சனிக்கிழமை கியர்பாக்ஸை இறக்கி அதை மாட்டினான். மாட்டும்போது, "தங்கச்சி போற ரோடு எப்படி?" என்று கேட்டான். "நல்ல தார் ரோடுதான்" என்றேன். திருப்பரங்குன்றம் வரை ஓட்டிப் பார்த்தோம். கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "கியர் டைப்தானே?"

"ம்" என்றேன். அந்த ஓர் எழுத்துப் பொய்க்கு நான் நேரம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் அப்பா அம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். அவர்கள் ஊர் எழுமலைக்குச் சற்று முன்னால். அவள்தான் ஓட்டினாள். எங்கள் தெருமுனையில் திருப்பும்போதே அடியில் டக் டக்கென்று சத்தம். "என்னமோ சத்தம் வருதே" என்றாள். "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றேன். உசிலம்பட்டி தாண்டும்வரை ரேடியோ ஸ்டேஷனை மாற்றிக்கொண்டே வந்தேன். "ஏங்க, ஏதாவது ஒண்ணை வைங்களேன்" என்று அவள் அணைத்துவிட்டாள்.

அது தை மாதம். கொள்ளு பிடுங்கிய நேரம். எங்கள் பக்கத்தில் களத்துக்கு அலையமாட்டார்கள். பிடுங்கிய செடியைத் தார் ரோட்டின் ஓரமாக நீளத்துக்குப் பரப்பிவிட்டு, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களிடம் அடிக்கிற வேலையை விட்டுவிடுவார்கள். செடியின் வெளி ஓரத்தில் கல் வைத்திருக்கும். மேலே ஏறிப் போகிற வண்டியைக் கண்டால் சந்தோஷம், ஒதுங்கிப் போகிற வண்டியைக் கண்டால் வசவு. நான் அந்த ரோட்டில் வளர்ந்தவன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் பிடுங்கி, அடுத்தவர் கொள்ளை அதே ரோட்டில் பரப்பியவர்கள். இப்போது சொந்தக் காட்டுக் கொள்ளைப் பரப்புகிறார்கள். நல்ல தார் ரோடு என்று நண்பனிடம் சொன்னபோது இதில் ஒன்றுமே என் நினைவுக்கு வரவில்லை.

அவளுக்கு நினைவிருந்தது. தூரத்தில் அம்மாவின் சேலையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து, இடது சக்கரங்கள் இரண்டையும் செடிமேல் ஏற்றினாள். இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறாள். வலது சக்கரங்கள் தாரில் இருந்தன. அம்மா ரோட்டோரத்தில் உட்கார்ந்து சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த மினி பஸ் எங்களுக்காக நின்று வழிவிட்டது. அதைக் காக்கவைக்கக் கூடாதென்று அவள் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள்.

பழைய டிஃபரென்ஷியலாக இருந்தால் இடது சக்கரம் செடியில் கொஞ்சம் வழுக்கியிருக்கும், அவ்வளவுதான். இது கடித்தது. சக்தி முழுவதும் தாரில் இருந்த வலது சக்கரத்துக்குப் போக, கார் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. ஸ்டீயரிங் அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, பிரேக்கில் ஏறி நின்றாள். முன்பம்பர் ஒரு கல்லை உருட்டிவிட்டு நின்றது. அம்மாவுக்கும் காருக்கும் நடுவில் அந்தச் சுளகு ஒன்றுதான் இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா எழுந்து, சிதறிய கொள்ளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்து ஆரம்பித்தார். "ஏத்தா, கண்ணு எங்க இருக்கு? ஓட்டத் தெரியாட்டி எதுக்கு இந்த வேலை? பஸ்ஸுல வந்தா ஆகாதா? இம்புட்டு பேர் உக்காந்திருக்க ரோட்டுல…" பக்கத்துக் காட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். என் மனைவி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "கை தவறிருச்சு அத்தே, தெரியாம தவறிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கீழே குனிந்து பம்பரைத் தடவிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

திரும்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் போனாள். செவ்வாய், புதன் அப்படியே. "எனக்கு வராதுங்க, விட்ருவோம்" என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை, கம்பெனியிலும் இருப்புக் கொள்ளவில்லை. பட்டறைக்குப் போகவும் வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு செருப்போடு நின்றாள். "அப்ப என் கை தவறலையா?"

"இல்ல."

"நாலு நாளா என் கையைப் பாத்துக்கிட்டே பஸ்ஸுல போறேன். ஊசி போடுறப்பகூடப் பயமா இருந்துச்சு. தெரியுமா உங்களுக்கு?"

பிறகு என் போனை வாங்கி நண்பனைக் கூப்பிட்டாள். "அண்ணே, அதைக் கழட்டிட்டு கியர் டைப் போடுங்க. மாட்டினதும் நான் வந்து ஓட்டிப் பாக்குறேன். இவர்கிட்ட எதுவும் கேக்காதீங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி ஆயிரும்" என்றாள்.

கியர் டைப் வந்தது. அவள் செடிமேலும் தார்மேலும் ஓட்டிப் பார்த்து, லேசாக இழுத்தாலும் கைக்குள் அடங்குகிறது என்றாள். பந்தயத்தில் முதல் சுற்றிலேயே தோற்றேன். புகை குறைந்திருந்தது, வேகமும் கூடியிருந்தது, போதவில்லை. அதற்காக வருத்தப்படக்கூட என்னால் முடியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காரை விட்டு இறங்கும்போதே இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். அம்மாவோ ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புகிற நேரத்தில் கார் ஜன்னல் அருகே வந்து, "கையை இறுக்கிப் பிடி தாயி" என்பார். என் மனைவி தலையாட்டிவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பாள்.

மாசி பிறந்து கடைசிக் கொள்ளு காய்ந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பைக்கில் தனியாகப் போனேன். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே, உட்காரக்கூடச் செய்யாமல், பிளேட் டைப், கியர் டைப், தார், செடி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. சுளகைக் கீழே வைத்தார்.

"அப்ப அவ மேல தப்பில்ல."

"இல்லம்மா. அவ பிடிச்சதாலதான் நின்னுச்சு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அம்புட்டு பேர் முன்னாடி அவளை வையிறப்ப, நீ பக்கத்துலதானடா நின்ன?"

"ஆமாம்மா" என்றேன்.